போய் வருவதே யாத்திரை

ஆனி மாதம் பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கத் தொடங்கியதும் தென்காசிச் சீமையின் வானம் மாறிவிடுகிறது. திரிகூட மலையின் சிகரங்களை மேகம் போர்த்திக்கொள்கிறது. சற்று நேரம் இளவெயில், சற்று நேரம் பூந்தூறல், இடையறாத குளிர்காற்று. இதனையே அவ்வூரார் ‘சாரல்’ என்பர். ஆவணி வரை நீளும் இப்பருவத்தில் குற்றாலத்துக்கு வருவோரில் இரு வகையினரைக் காணலாம். அருவியில் நீராடி, திருநீறு துலங்கக் குற்றாலநாதரைத் தொழுது, மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் குடும்பத்தார் ஒரு வகை. நண்பர்கள் நால்வர் ஐவராகச் சேர்ந்து, முதுகில் பை சுமந்து, மலை ஏற வேண்டும் என்ற ஆவலோடு வந்து இறங்கும் இளைஞர்கள் மற்றொரு வகை. அவர்களுள் பலருக்கு அதுவே முதல் மலைப்பயணம்.

அப்படிப் புறப்படும் ஒவ்வோர் இளைஞனின் வீட்டிலும் பெரும்பாலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கிறார். “நண்பர்களோடு குற்றாலத்து மலைக்குப் போகிறேன்” என்று பேரன் சொல்லும்போது அவர் மனம் இரண்டுபடுகிறது. தடுத்தால் சொல்லாமலே போய்விடுவான் என்ற கவலை ஒருபுறம். ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டு, மழைச் செய்தி கேட்கும்போதெல்லாம் தவிக்க வேண்டுமே என்ற அச்சம் மறுபுறம். என்ன சொல்லி அனுப்புவது? இதற்கான விடை குற்றாலத்தின் தலவரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது.

வாயிலில் தடுக்கப்பட்ட முனிவர்

கயிலையில் அம்மையப்பரின் திருமணக் கோலத்தைக் காண எல்லோரும் கூடியதால் வடதிசை தாழ்ந்து தென்திசை உயர்ந்தது என்பதும், உலகைச் சமன்செய்ய இறைவன் அகத்தியரைத் தென்னாட்டுக்கு அனுப்பினார் என்பதும் அன்பர்கள் அறிந்த வரலாறு. பொதிகை நோக்கி வந்த அம்முனிவர் திரிகூட மலையடிவாரத்தை அடைந்தபோது, அங்கே திருமால் கோயில் கொண்டிருந்தார் என்கிறது தலபுராணம். திருநீறும் உருத்திராக்கமும் அணிந்து வந்த முனிவரை அங்கிருந்தோர் உள்ளே விடவில்லை.

கடலையே குடித்தவர், விந்தியத்தின் செருக்கை அடக்கியவர் என்று புராணங்கள் போற்றும் பெருமுனிவர் அவர். வாயிலில் நின்று வழக்காட அவரால் முடியாதா? தவவலிமையால் கதவைத் திறக்க முடியாதா? அவர் அப்படிச் செய்யவில்லை. திரும்பினார். அருகிலுள்ள இலஞ்சிக்குச் சென்றார். அங்கே வெண்மணலால் லிங்கம் அமைத்துப் பூசித்தார். இலஞ்சிக் குமரனை வணங்கி வழி கேட்டார். அவ்விடத்துக்கு ஏற்ற கோலத்தில் செல்லுமாறு முருகப்பெருமான் அருளினார். அகத்தியர் வைணவ அடியவராகக் கோலம் கொண்டு மீண்டும் சென்றார், இம்முறை வரவேற்கப்பட்டார். கருவறையில் அவர் திருமேனியின் உச்சியில் கைவைத்து அழுத்த, நின்ற கோலத் திருமால் குறுகிச் சிவலிங்கமாகக் காட்சி தந்தார் என்பது ஐதிகம். அரியும் அரனும் வேறல்லர் என்பதை உணர்த்த வந்த திருவிளையாடல் இது என்று பெரியோர் பொருள் உரைப்பர். முனிவரின் விரல்கள் பதிந்த தடத்தை இன்றும் இறைவனின் திருமுடியில் காணலாம் என்பர்.

இந்த வரலாற்றில் பக்தர்கள் வழக்கமாக நினைவில் கொள்வது இறுதி நிகழ்ச்சியை. மலையேறப் புறப்படுவோர் நினைவில் கொள்ள வேண்டியதோ இடையில் நிகழ்ந்ததை. குற்றாலத்துக்கு வந்த முதற்பெரும் யாத்திரிகர் முதல் முயற்சியில் உள்ளே செல்லவில்லை. தடுத்தபோது திரும்பினார், அருகில் தங்கினார், அறிந்தவரிடம் கேட்டார், இடத்துக்குரிய கோலத்தோடு, உரிய வேளையில் மீண்டும் வந்தார். திரும்பியதால் அவர் பெருமை குறையவில்லை. இறைவனின் காட்சி கிடைத்தது அந்தத் திரும்புதலுக்குப் பின்னரே.

சாரல் வரும் வழி

குற்றாலத்தின் மழை தமிழகத்தின் பிற ஊர்களின் மழையைப் போன்றதன்று. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் மேலைச் சரிவில் கேரளப் பக்கம் பெருமழையாகக் கொட்டுகிறது. மலைக்குக் கிழக்கே உள்ள தமிழக ஊர்களுக்கு அப்பருவத்தில் பெரும்பாலும் வறண்ட காற்றே மிஞ்சும். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம், மலைத்தொடரில் ஒரு கணவாய் திறந்திருக்கிறது. மேகமும் குளிர்காற்றும் அவ்வழியே நுழைந்து தென்காசி வட்டாரத்தை நனைக்கின்றன. நெல்லையில் கத்தரி வெயிலின் மிச்சம் காயும்போது குற்றாலத்தில் போர்வை தேடும்படி நேர்வது இதனால்தான்.

மலைமேல் பெய்யும் அம்மழையைத் திரட்டிக்கொண்டு இறங்குவது சிற்றாறு. தேனடைகள் தொங்கும் பாறைகளுக்கு இடையே அது முதலில் வீழும் இடம் தேனருவி. அங்கிருந்து காட்டுவழியே ஓடிவந்து செண்பக மரங்கள் சூழ்ந்த இடத்தில் மீண்டும் ஒரு முறை குதிக்கிறது. அது செண்பகாதேவி அருவி. பின்னர் ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து பேரருவியாக விழுகிறது. நேரே நிலத்தில் விழுந்தால் அதன் வேகத்தை எவராலும் தாங்க இயலாது. நடுவில் பாறையில் அமைந்த ‘பொங்குமாகடல்’ என்னும் ஆழ்ந்த பள்ளத்தில் விழுந்து, அங்கே சுழன்று பொங்கி, வேகம் தணிந்த பின்னரே நீராடுவோர் தலைமேல் இறங்குகிறது. அடிவாரத்தைத் தொட்ட ஆறு தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது.

தேனருவி, செண்பகாதேவி, பேரருவி ஆகிய மூன்றும் ஒரே ஆற்றின் மூன்று படிகள். இவ்வுண்மையை மலையேறும் இளைஞன் முதலில் மனத்தில் இருத்த வேண்டும். மேற்படியில் பெய்யும் மழை கீழ்ப்படியில் நிற்பவனுக்குத் தெரியாது. அவன் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கலாம். மேலே மேகத்துக்குள் கொட்டிய மழை சற்று நேரத்தில் அவன் கால்களை வந்து அடையும்.

அருவியிலிருந்து அம்மன் சந்நிதி வரை

திரிகூட மலையில் அடியார்கள் தொன்றுதொட்டு நடந்த வழி செண்பகாதேவி அம்மன் சந்நிதிக்குச் செல்லும் வழி. விடியற்காலையில் பேரருவியில் நீராடுவது முதற்கடமை. அருவியை ஒட்டிய பாறைகளில் சிவலிங்கத் திருவுருவங்கள் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அருவி நீர் வீழ்வதே அங்கே அபிஷேகமாகிறது. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் ஆகியவற்றை அருவியில் பயன்படுத்துவதற்கு நீதிமன்றம் தடை விதித்திருக்கிறது. உடம்பெல்லாம் எண்ணெய் பூசி அருவியில் நின்ற பழைய நாட்களை நினைக்கும் பெரியவர்களுக்கு இது சற்று ஏமாற்றமாக இருக்கலாம். ஆயினும் தீர்த்தத்தைத் தீர்த்தமாகவே வைத்திருக்க வந்த ஏற்பாடு என்று கொண்டால் மனம் ஒப்பும்.

நீராடிய பின் சங்கு வடிவில் அமைந்த திருக்கோயிலில் குற்றாலநாதரையும் குழல்வாய்மொழி அம்மையையும், தரணி பீடத்தில் விளங்கும் பராசக்தியையும் வணங்க வேண்டும். திருஞானசம்பந்தர் இத்தலத்துக்கு ஒரு பதிகமும், இங்குள்ள தலமரமாகிய குறும்பலாவுக்குத் தனியே ஒரு பதிகமும் பாடியிருக்கிறார். ஒன்று முதல் திருமுறையிலும் மற்றொன்று இரண்டாம் திருமுறையிலும் உள்ளன. ஒரு மரத்தைக் கோயிலுக்கு நிகராக வைத்துப் பாடிய மரபு இது. அதை அறிந்த பின் காட்டுக்குள் நுழையும் இளைஞன் கிளையை ஒடிக்கவோ பாறையில் தன் பெயரைக் கீறவோ கூசுவான்.

அகத்தியரின் கை அழுத்தத்தால் இறைவனுக்குத் தலைவலி உண்டாயிற்று என்பதால் மூலிகைகள் பல சேர்த்துக் காய்ச்சிய தைலத்தால் அபிஷேகம் செய்யும் வழக்கம் இங்கு உண்டு. அருவிக் குளிர்ச்சியில் எப்போதும் இருப்பவர் ஆதலால் சுக்கு, மிளகு முதலியவை சேர்ந்த கஷாயமும் நிவேதனமாகிறது என்பர். இறைவனுக்கே இத்தனை பக்குவம் பார்க்கும் தலம் இது. மலையேறும் மனிதன் மாற்று உடையும், மழைக்கு மேலங்கியும், குடிநீரும், வழக்கமாக உட்கொள்ளும் மருந்தும் எடுத்துச் செல்வதில் குறைவு என்ன இருக்கிறது? வயிறு நிரம்ப உண்டும் ஏறக்கூடாது. வெறும் வயிற்றோடும் ஏறக்கூடாது. இட்லி இரண்டு, வாழைப்பழம் ஒன்று என்ற அளவே போதும்.

சிற்றருவியைக் கடந்ததும் காட்டுப்பாதை தொடங்குகிறது. செண்பகாதேவி வரையுள்ள தொலைவு மூன்று கிலோமீட்டருக்கு மிகாது. சமவெளியில் அது காலை உலாவுக்கு உரிய தூரம். சாரல் காலத்து மலையிலோ கணக்கு வேறு. பாறைகளில் பாசி படிந்திருக்கும். மர வேர்கள் பாதையின் குறுக்கே ஓடும். சருகு மூடிய இடத்தில் கல் இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா என்பது தெரியாது. முதன்முறை ஏறுபவனுக்கு முதல் அரைமணி நேரத்திலேயே மூச்சு இரைக்கும். அது பலவீனம் அன்று. உடல் மலைக்குப் பழகும் வேளை. அப்போது நின்று, மூச்சைச் சீராக்கி, சிறு அடியாக எடுத்து வைத்தால் இரைப்பு அடங்கும். நண்பனுக்கு முன்னால் தாழ்ந்துவிடக் கூடாது என்று விரைந்து ஏறினால்தான் கால் தவறும்.

செருப்புக் காலுக்குப் பாசிப்பாறை ஆகாது. அடிப்பகுதியில் நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும். சந்நிதியில் மட்டும் கழற்றினால் போதும். இலைகளிலும் ஈர மண்ணிலும் அட்டைகள் காத்திருக்கும். ஒட்டிக்கொண்டால் பதறிப் பிய்த்து எறியாமல், உப்பைத் தொட்டு வைத்தால் தானே விழுந்துவிடும் என்பது மலையூரார் வழக்கம். சிறு பொட்டலம் உப்பைக் கையோடு வைத்திருப்பார்கள். குரங்குகள் பையைக் குறிவைக்கும். அவற்றுக்குத் தின்பண்டம் கொடுப்பது புண்ணியம் போலத் தோன்றினாலும் உண்மையில் தீங்கே. மனிதர் கையை எதிர்பார்க்கப் பழகிய குரங்கு காட்டில் உணவு தேடுவதை மறந்துவிடுகிறது.

குழுவாகச் செல்வோருக்கு மலை கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. குழுவின் வேகம் என்பது, அதில் மெதுவாக நடப்பவரின் வேகமே. திருவிழாவில் தேர் இழுக்கும்போது முன்வடம் பிடிப்பவன் எவ்வளவு வலியவனாக இருந்தாலும் தேர் அசையும் அளவுக்கே அவன் நகர முடியும். அவன் தனியே முன்னே ஓடிவிட்டால் தேருக்கும் பயனில்லை, அவனுக்கும் பெருமை இல்லை. முன்னே நன்கு நடப்பவர் ஒருவர், பின்னே பொறுமையுள்ளவர் ஒருவர், நடுவே புதியவர்கள் என்று நடந்தால் எவரும் தனித்துப் போகமாட்டார். நண்பர்களோடு மலையேறுவதன் இன்பமும் பாதுகாப்பும் இந்த ஒழுங்கில்தான் அடங்கியுள்ளன.

அவ்வாறு நடந்து செண்பக மரங்களின் நிழலை அடையும்போது அருவியோசை முதலில் கேட்கும். பிறகு குளிர்ந்த நீர்த்துளிகள் முகத்தில் படும். அதன் பின்னரே அம்மன் சந்நிதி கண்ணுக்குப் புலப்படும். இங்கே சித்திரா பௌர்ணமி சிறப்பாகக் கொண்டாடப்படுகிறது. கோபுரமும் பிராகாரமும் இல்லாமல், காடே மதிலாகவும் அருவியே மேளமாகவும் அமைந்த அச்சந்நிதியில் நிற்பவன், நகரத்தில் எத்தனையோ முறை கேட்டும் விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்கிறான். தாயின் வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறோம்; வீட்டின் ஒழுங்கு தாயினுடையது; விருந்தினருடையது அன்று.

நீர் பெருகும் முன்

2024-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் நிகழ்ந்ததை அவ்வட்டாரத்தார் மறக்க மாட்டார்கள். அது சாரல் காலம்கூட அன்று, கோடைமழைக் காலம். மலைமேல் பெய்த மழையால் அருவியில் திடீரென்று வெள்ளம் பெருகிற்று. நீராடிக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்துக்கொண்டு படிகளில் ஏறி ஓடினர். 17 வயதுச் சிறுவன் ஒருவன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். பழைய குற்றாலம் காட்டின் நடுவே உள்ள இடம் அன்று. வாகனம் செல்லும், படிக்கட்டு உள்ள, ஆயிரக்கணக்கானோர் நீராடும் இடம். அங்கேயே இப்படியென்றால், கைப்பிடியும் படிக்கட்டும் இல்லாத மேல்மலை ஓடையில் நிற்பவனின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

வெள்ளம் வருமுன் மலை சில குறிகளைக் காட்டுவதுண்டு. தெளிந்து ஓடும் நீர் கலங்கிச் செந்நிறமாக மாறும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அருவியின் ஓசை கனத்து ஒலிக்கும். சற்றுமுன் நீருக்கு மேல் தெரிந்த கல் மறைந்திருக்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் நொடிப்பொழுதும் தாமதியாமல் நீரை விட்டு விலகி உயரமான கரைக்கு ஏற வேண்டும். பை போனால் போகட்டும், கைப்பேசி போனால் போகட்டும். கடந்துவந்த ஓடையில் நீர் பெருகிவிட்டால் கைகோத்துக் கடந்துவிடலாம் என்று துணியக் கூடாது. நீர் வடியும் வரை அக்கரையிலேயே இருப்பதே அறிவு. இருட்டிவிட்டாலும், பசித்தாலும், காத்திருப்பவன் வீடு திரும்புவான். முழங்கால் அளவு நீர்தானே என்று இறங்குபவனை, பாசியும் வேகமும் சேர்ந்து வீழ்த்திவிடும். எல்லா வேளையும் குறி காட்டியே வெள்ளம் வரும் என்பதும் இல்லை. ஆகவே மேகம் கவிந்த நாளில் ஓடையின் நடுப்பாறையில் அமர்ந்து உண்பதும் படம் எடுப்பதும் அறவே ஆகா.

பேரருவியில் நீர்வரத்தை அளக்க ஊரார் கண்ட அடையாளம் அங்குள்ள பாதுகாப்பு வளைவு. ‘ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது’ என்று அவர்கள் சொன்னால் அன்று நீராடத் தடை என்று பொருள். கீழே பேரருவியிலேயே தடை விதிக்கப்பட்டிருக்கும் நாளில் மேலே செண்பகாதேவிக்குப் போகலாமா என்று கேட்பதே தகாது. அடிவாரத்து அருவி மலையின் நாடி போன்றது. நாடி பதறும்போது நல்ல மருத்துவன் வேறு ஆராய்ச்சியில் இறங்குவதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று சாரலைப் போல மென்மையானதன்று. அம்மாதங்களிலும் கோடையின் இடிமழைக் காலத்திலும் மலை சீற்றம் கொள்ளும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை செல்லும் ஐயப்பன்மார் குற்றாலத்தில் நீராடிச் செல்வது வழக்கம். அவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

குறத்தி அறிந்த மலை

குற்றாலம் என்றதும் தமிழறிந்தோர் நினைவுக்கு வருபவர் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் நிலம் வழங்கினார்; அது ‘குறவஞ்சி மேடு’ என்று வழங்கலாயிற்று. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் குற்றாலத்தில் வாழ்ந்த காலத்தில் அவரைக் காண ராஜாஜியும் கல்கியும் வந்ததுண்டு. மூத்த வாசகர்கள் பலர் அந்த நாட்களைப் பற்றிப் படித்திருப்பார்கள்.

அந்நூலில் ஒரு நுட்பம் இருக்கிறது. குற்றால மலையின் வளத்தை அதில் எடுத்துப் பாடுபவர் அரசரும் அல்லர், பயணியும் அல்லர். மலையில் பிறந்து வளர்ந்த குறத்தியே பாடுகிறாள். நகரத்துப் பெண்ணாகிய வசந்தவல்லி கேட்க, குறத்தி சொல்கிறாள். எந்த மரத்தில் தேன், எந்தச் சாரலில் மழை, எந்த விலங்கு எங்கே உலவும் என்பதெல்லாம் அவள் வாய்மொழி. மலையைப் பற்றிச் சொல்லும் உரிமை மலையில் வாழ்பவர்க்கே உரியது என்று கவிராயர் காட்டியதாகக் கொள்ளலாம்.

இன்று அந்த இடத்தில் இருப்பவர்கள் வனக்காவலரும் மலையடிவாரத்து ஊராரும். “இன்று போகவேண்டாம்” என்று அவர்கள் சொன்னால் அதற்குக் காரணம் கேட்டு வாதாட வேண்டியதில்லை. காற்றின் வாடையும் மேகத்தின் நிறமும் அவர்களுக்குச் சொல்லும் செய்தி கைப்பேசித் திரையில் தெரியாது.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் இளம் வயதினர். அதன் பிறகே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகளை வகுத்தது. 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தைத் தொடங்கி, தமிழகமெங்கும் 40 மலைப்பாதைகளைத் தேர்ந்தெடுத்து, முன்பதிவு செய்து பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு செல்ல வகை செய்திருக்கிறது. பழக்கமில்லாத நண்பர்கள் மட்டும் சேர்ந்து ஒரு காட்டுக்குள் நுழைவதைவிட இது எவ்வளவோ மேல். நண்பர்களோடு மலையேற வேண்டும் என்ற ஆவல் பேரனுக்கு இருந்தால் அதைத் தடுக்க வேண்டியதில்லை; அனுமதியுள்ள பாதைக்கு அதைத் திருப்பிவிட்டால் போதும்.

குற்றாலத்தைப் பொறுத்தவரை செண்பகாதேவிக்குச் செல்லும் வழி வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. அத்துறையினர் பக்தர்களை அனுமதிக்கும் நாட்களில் மட்டுமே அங்கு செல்ல இயலும். புறப்படும் முன்பே விசாரித்துக்கொள்வது நலம். அதற்கும் மேலே உள்ள தேனருவி பொதுமக்கள் செல்வதற்கு உரிய இடம் அன்று. யாரோ சென்று எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு ஒற்றையடித்தடத்தில் அங்கே போகத் துணிவது பேதைமை.

மலை மூடியிருக்கும் நாளில்

ஊரிலிருந்து நெடுந்தூரம் வந்த பிறகு மலைப்பாதை மூடியிருந்தால் என்ன செய்வது? அகத்தியர் செய்ததைச் செய்யலாம், இலஞ்சிக்குப் போகலாம். சிற்றாற்றங்கரையில் வயல்களுக்கு நடுவே உள்ள அத்திருக்கோயிலில் அருணகிரிநாதர் பாடிய இலஞ்சிக் குமாரரையும், அகத்தியர் மணலால் அமைத்து வழிபட்ட இருவாலுக ஈசரையும் தரிசிக்கலாம். முனிவர் காத்திருந்த அதே இடத்தில் சற்று நேரம் அமர்ந்திருப்பது ஏமாற்றத்துக்கு நல்ல மருந்து.

குற்றாலத்திலேயே சித்திரசபை இருக்கிறது. திருவாலங்காட்டில் இரத்தினசபை, தில்லையில் பொன்னம்பலம், மதுரையில் வெள்ளியம்பலம், நெல்லையில் தாமிரசபை என்ற வரிசையில் ஐந்தாவதாகிய இச்சபையில் ஆடல்வல்லான் செப்புத்திருமேனியாக அன்றி ஓவியமாக எழுந்தருளியிருக்கிறார். சுவரெங்கும் தெய்வச் சித்திரங்கள். அருவியில் குளித்துவிட்டு இச்சபையைக் காணாமலே திரும்புவோர் பலர். மழை பெய்யும் நாளில் அங்கே அமைதியாக ஒரு மணி நேரம் கழித்தவர்கள் அதை வாழ்நாளில் மறப்பதில்லை.

மலைமேல் நின்று தொழ வேண்டும் என்ற ஏக்கம் தீராதவர்களுக்குப் பண்பொழி திருமலைக்கோயில் உண்டு. அங்கே குன்றின் உச்சியில் குமாரசுவாமி அருள்புரிகிறார். படியேறவும் வழி உண்டு. முதியோர் வாகனத்தில் செல்லவும் சாலை உண்டு. சாரல் காலத்தில் அக்குன்றின் மேலிருந்து நோக்கினால் மேற்கே மேகம் மூடிய மலைத்தொடரும் கீழே பச்சை வயல்களும் குளங்களும் ஒருங்கே தெரியும். முழங்கால் வலியால் இனி மலை ஏற முடியாது என்று வருந்தும் பாட்டியும், முதல் மலையேற்றம் நின்றுபோனதே என்று வாடும் பேரனும் சேர்ந்து செல்லத்தக்க இடம் அது.

திரும்பும் வழியில் தென்காசியில் காசி விசுவநாதரைத் தரிசிக்கலாம். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய திருக்கோயில் அது. தான் கட்டிய கோயிலைப் பிற்காலத்தில் காப்பவர் எவராயினும் அவர் அடிபணிவேன் என்ற கருத்தை அம்மன்னன் கல்வெட்டில் பொறித்து வைத்திருக்கிறான். பழுதுபட்டிருந்த இராஜகோபுரம் புதிதாக எழுப்பப்பட்டு 1990-இல் குடமுழுக்குக் கண்டது. அக்கோபுர வாயிலில் எப்போதும் வீசும் பலத்த காற்று, கணவாய் வழியே வரும் அதே மலைக்காற்று. முடி புனைந்த மன்னனே காப்பவர்க்குத் தலைவணங்கினான் என்றால், காட்டைக் காக்கும் காவலரின் சொல்லுக்குத் தலையசைப்பதில் இளைஞனுக்கு என்ன இழப்பு?

போய் வருகிறேன்

வீட்டை விட்டுப் புறப்படும்போது ‘போகிறேன்’ என்று சொல்லும் வழக்கம் தமிழர்க்கு இல்லை. ‘போய் வருகிறேன்’ என்போம். பெரியவர்களும் ‘போய் வா’ என்றே விடை கொடுப்பர். ‘போகிறேன்’ என்று ஒரு குழந்தை வாய்தவறிச் சொல்லிவிட்டாலும் உடனே திருத்துவார்கள். எத்தனையோ தலைமுறையாக நாவில் பழகிய அச்சொல்லில் ஒரு முழு யாத்திரை விதி அடங்கியிருக்கிறது. சிகரத்தைத் தொட்டதும் யாத்திரை முடிந்துவிடுவதில்லை. வாசலில் கால் கழுவி, பூசையறையில் விழுந்து வணங்கி, கொண்டுவந்த பிரசாதத்தை எல்லோர் கையிலும் கொடுக்கும்போதுதான் அது நிறைவு பெறுகிறது.

ஆகவே முதன்முறை மலையேறச் செல்லும் பேரனுக்கோ பேத்திக்கோ தாத்தாவும் பாட்டியும் நீண்ட அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. நெற்றியில் திருநீறு இட்டு, அகத்தியர் இலஞ்சிக்குத் திரும்பிய கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். யார் யார் உடன் வருகிறார்கள், எந்த வழியில் செல்கிறீர்கள், எத்தனை மணிக்குக் கீழே இறங்குவீர்கள் என்ற மூன்றையும் கேட்டு ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளலாம். பெரும்பகுதி மலையில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காது. குறித்த நேரம் கடந்தால் யாரைத் தேடுவது, எங்கே தேடுவது என்பதை அந்தத் தாள்தான் சொல்லும். பையில் ஒரு பொட்டலம் உப்பும், ஒரு துண்டு சுக்கும், உலர்ந்த துண்டு ஒன்றும் வைத்துக் கொடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் உறுதியையும் கொடுத்து அனுப்ப வேண்டும். பாதி வழியில் திரும்பி வந்தால் வீட்டில் யாரும் நகைக்க மாட்டார்கள் என்பதே அது. வெட்கத்துக்கு அஞ்சியே பல இளைஞர்கள் திரும்பத் தயங்குகிறார்கள். நண்பர் கூட்டத்தில் “எனக்கு முடியவில்லை, திரும்பலாம்” என்று முதலில் சொல்ல ஒரு துணிவு வேண்டும். அத்துணிவை மலையில் பெற முடியாது. வீட்டிலிருந்தே கொண்டுசெல்ல வேண்டும். “அம்மன் அங்கேயேதான் இருப்பாள், அடுத்த பௌர்ணமிக்குப் போய்க்கொள்ளலாம்” என்று பாட்டி முன்னரே சொல்லியிருந்தால், பெருகும் ஓடையின் கரையில் நிற்கும் பேரனுக்கு அச்சொல் நினைவுக்கு வரும்.

செண்பகாதேவி அருவி எத்தனையோ நூற்றாண்டுகளாக அங்கே விழுந்துகொண்டிருக்கிறது. இந்த ஆடியில் காணாவிட்டால் அடுத்த ஆடியிலும் சாரல் வரும், சிற்றாறு இறங்கும், குற்றாலநாதர் கஷாயம் ஏற்று அருவியோசை கேட்டுக்கொண்டிருப்பார். பிள்ளைகள் போய் வரட்டும்.